முருதேஸ்வர்: அண்ணாந்து பார்த்த கோபுரமும் ஏறிப் பார்க்கும் கோபுரமும்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், பட்கல் வட்டத்தைச் சேர்ந்த கடலோர ஊர் முருதேஸ்வர். மூன்று புறமும் அரபிக்கடல் சூழ்ந்த கந்துக மலை என்னும் சிறு குன்றில் அதன் சிவன் கோயில் அமைந்துள்ளது. ஆத்மலிங்கம் கோகர்ணத்தில் நிலைகொண்டுவிட்ட சினத்தில் இராவணன் வீசியெறிந்தவற்றுள், லிங்கத்தைப் போர்த்தியிருந்த துணி விழுந்த இடம் இதுவே என்கிறது தலபுராணம்.

புராணம் பழையது; கோயிலின் இன்றைய தோற்றமோ மிக அண்மைக் காலத்தது. இவ்வூரில் பிறந்து கட்டுமானத் தொழிலில் உயர்ந்த ஆர். என். ஷெட்டி (1928–2020) பொருளுதவி செய்ய, சிவமொக்காவைச் சேர்ந்த சிற்பி காசிநாத் 123 அடி உயரச் சிவன் சிலையைக் கான்கிரீட்டில் உருவாக்கினார். ஏறத்தாழ 237 அடி உயரமுள்ள இருபது நிலை ராஜகோபுரம் 2008இல் திறக்கப்பட்டது. 1998இல் முழுமையடைந்த கொங்கண் இரயில் பாதை, தொலைதூரப் பயணிகளுக்கும் இவ்வூரை எளிதில் எட்டச் செய்திருந்தது.

இக்கரையோரத்தின் மரபுவழிக் கட்டடக்கலை வேறு வகையினது. பெருமழையைத் தாங்கும்பொருட்டு இங்குள்ள கோயில்கள் தாழ்ந்து, சரிந்த கூரையுடன் எழுந்தன. பட்கலில் உள்ள 16ஆம் நூற்றாண்டின் கேதபை நாராயணர் கோயிலில் கூரைகூடச் சரிவாக அடுக்கிய கற்பலகைகளால் ஆனது. விண்ணளாவும் கோபுரம் தமிழகமும் விஜயநகரமும் வளர்த்த வடிவம். விஜயநகர காலத்தில் தொடங்கி நின்றுபோன திருவரங்கத்து ராஜகோபுரம், 236 அடி உயரத்துடன் 1987இல்தான் நிறைவுற்றது. முருதேஸ்வர் கோபுரம் அதற்கு ஓரடியே கூடுதல்.

உயரம் ஏறத்தாழ ஒன்றாயினும் பயன் ஒன்றன்று. கோபுரம் என்பது தொலைவிலிருந்தே தொழுவதற்கும் அதன் கீழ் நுழைந்து உட்செல்வதற்கும் உரியது. முருதேஸ்வரிலோ கட்டணம் செலுத்தி, மின்தூக்கியில் மேலேறி, சிலையையும் கடலையும் கீழ்நோக்கிக் காணலாம். வாயில் காட்சிமேடையும் ஆகிவிட்டது. சிலையின் அடியிலுள்ள குகைக் கூடத்தில் ஆத்மலிங்கக் கதை சிற்பங்களாக விரிகிறது. கருவறையோ இவற்றின் நிழலில் சிறுத்து நிற்கிறது.

பயணிகளின் வருகையால் ஊருக்குக் கிடைத்த வாழ்வாதாரத்தைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. புரவலரின் ஊர்ப்பற்றும் ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும், கான்கிரீட் சிலை புராணத்தின் பழமையைத் தனதாக்கிக்கொள்ள ஒரு தலைமுறைக் காலமே போதும். சிலைக்கு முந்தைய குன்றைக் கண்ட முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களின் நினைவுகளும் பழைய ஒளிப்படங்களும் இப்போதே தொகுக்கப்பட வேண்டும்; தவறினால், இக்கோயிலின் வரலாறு 123 அடியிலிருந்தே தொடங்கும்.