எறும்புக்குக் கொஞ்சம் பிராந்தி

எறும்பைப் படம் எடுத்திருக்கிறீர்களா? ஒருமுறை முயற்சி செய்து பாருங்கள். வாழ்க்கையே வெறுத்துப் போகும். 'கொஞ்சம் அப்படியே நில்லுங்க சார்' என்றால் நிற்கிற ஜந்து இல்லை அது.

இந்தக் கஷ்டத்தை முதலில் அனுபவித்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஹூக். லண்டனில் ராயல் சொசைட்டிக்காகப் பரிசோதனைகள் செய்துகாட்டுவது அவர் உத்தியோகம். காமிரா பிறக்காத காலம். மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துக் கையால் வரைய வேண்டும். எறும்பைக் கொன்று வைத்தால் உடம்பு சுருங்கிப் போகிறது. சரி, உயிரோடு வைப்போம் என்று காலை மெழுகிலும் பசையிலும் ஒட்டினார். அது உடம்பை முறுக்கிக்கொண்டு படாதபாடு படுத்தியது.

ஹூக் என்ன செய்தார் தெரியுமா? பிராந்தி ஊற்றிக் கொடுத்தார். நிஜமாகத்தான். எறும்பு மட்டையாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடந்து, பிறகு திடீரென்று போதை தெளிந்து எழுந்து ஓடியே போய்விட்டது. அதற்குள் படத்துக்கு வேண்டியதைப் பார்த்துக்கொண்டார் மனுஷன். இதையெல்லாம் ஒளிக்காமல் 1665-ல் வெளியான 'மைக்ரோகிராஃபியா' புத்தகத்தில் எழுதியும் வைத்தார். கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டு, ராத்திரி இரண்டு மணிவரை தூங்கவில்லை.

பூச்சியைப் பெரிதாகப் பார்க்க வேண்டும். அதற்காக அதன் மூக்குவரை போய் மிரட்டவும் கூடாது, கொல்லவும் கூடாது. ஹூக் மாட்டிக்கொண்டு முழித்த இந்தக் கணக்குக்கு விடை வந்தது பூச்சி ஆராய்ச்சியிலிருந்து அல்ல. வானத்திலிருந்து.

பீட்டர் பார்லோ, வூல்விச் ராணுவ அகாடமியில் கணக்கு வாத்தியார். 1776-ல் நார்விச்சில் பிறந்தவர். என்னை மாதிரி காமர்ஸ் படித்தவர்கள் இவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். 1 முதல் 10,000 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் வர்க்கம், கனம், வர்க்கமூலம், கனமூலம் எல்லாம் போட்டு 1814-ல் ஓர் அட்டவணைப் புத்தகம் வெளியிட்டார். கால்குலேட்டர் வரும்வரை பல தலைமுறைக்குச் சோறு போட்ட புத்தகம். கப்பலில் இருக்கும் இரும்பு திசைகாட்டியை ஏமாற்றுவதைச் சரிசெய்ய வழி சொன்னார். 1825-ல் அதற்குக் காப்ளி மெடல்.

அடுத்து அவருக்குப் பிடித்த பைத்தியம், டெலஸ்கோப். பெரிய டெலஸ்கோப்புக்குப் பெரிய லென்ஸ் வேண்டும். குறையில்லாத பெரிய ஃப்ளின்ட் கண்ணாடி அன்றைய இங்கிலாந்தில் குதிரைக்கொம்பு. கண்ணாடி இல்லையென்றால் என்ன, திரவம் இருக்கிறதே என்று கார்பன் டைசல்பைடை அடைத்து லென்ஸ் செய்தார். இந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் அந்தச் சின்ன யோசனை வந்தது. டெலஸ்கோப்பின் முன்லென்ஸுக்கும் கண் வைக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு குழிலென்ஸைச் செருகினால் என்ன?

குவிந்து வருகிற ஒளிக்கதிர்களை அது 'அவசரப்படாதே, கொஞ்சம் தள்ளிப் போய்க் குவி' என்று தடுக்கும். விளைவு, அதே டெலஸ்கோப்பில் உருவம் பெரிதாகும். 1833-ல் ஜார்ஜ் டாலண்ட் அந்த லென்ஸைச் செய்து கொடுத்தார். அடுத்த வருஷம் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வந்தது. இன்றைக்கும் டெலஸ்கோப் வாங்குகிற பையன்கள் 'பார்லோ லென்ஸ்' என்று கேட்டு வாங்குகிறார்கள்.

அது காமிராவுக்குள் வர நாளாயிற்று. 1891-ல் லண்டனில் டால்மேயர், ஜெர்மனியில் மீத்தே, ஸ்டெய்ன்ஹைல் என்று மூன்று பேர் தனித்தனியாக டெலிஃபோட்டோ லென்ஸ் செய்தார்கள். முன்னால் குவிலென்ஸ், பின்னால் குழிலென்ஸ். பூச்சிக்காரர்களுக்கு அதனால் உடனே விடிவு வரவில்லை. 1914-ல் அமெரிக்காவின் டேவிட் ஃபேர்சைல்டும் அவர் மனைவி மேரியனும் கொல்லைப்புறப் பூச்சிகளைப் பூதாகாரமாகக் காட்டி 'புக் ஆஃப் மான்ஸ்டர்ஸ்' வெளியிட்டார்கள். மேரியன் வேறு யாருமல்ல, டெலிபோன் கிரகாம் பெல்லின் மகள். அவர்கள் வழி வேறு: ஆளைவிட நீளமான காமிரா. படங்கள் அபாரம். ஆனால் பூச்சிகள்? செத்தவை. உயிரோடு நிற்கிற மாதிரி காலை ஒழுங்குபண்ணி நிறுத்தப்பட்டவை.

1955-ல் ஜெர்மனியின் கில்ஃபிட் நிறுவனம் 35 எம்.எம். காமிராவுக்கு முதல் மேக்ரோ லென்ஸைக் கொண்டுவந்தது. 1960-களில் பார்லோவின் குழிலென்ஸ் 'டெலிகன்வெர்ட்டர்' என்ற புதுப்பெயரில் காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. இரண்டையும் சேர்த்தால்தான் வேடிக்கை. நல்ல மேக்ரோ லென்ஸ் 12 மி.மீ. எறும்பை ஃபிலிமிலும் 12 மி.மீட்டராகவே பதியும். 36 மி.மீ. சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. நடுவில் 2 எக்ஸ் கன்வெர்ட்டர் போடுங்கள். எறும்பு 24 மி.மீ. ஆகிவிடும். முக்கியமான விஷயம், நீங்கள் ஓர் அங்குலம்கூட நெருங்க வேண்டியதில்லை. நீட்டிப்புக் குழாய் போட்டாலும் பெரிதாகும்தான். ஆனால் இன்னும் கிட்டே போக வேண்டும். பூச்சி பறந்துவிடும்.

இனாமாக எதுவும் கிடைக்காது. 100 ரூபாய் வெளிச்சம் வந்தால் 2 எக்ஸ் கன்வெர்ட்டர் 75 ரூபாயைக் கமிஷனாகப் பிடித்துக்கொள்ளும். 1.4 எக்ஸ் கொஞ்சம் நல்லவன், 50 ரூபாயோடு விட்டுவிடுவான். லென்ஸில் குறை இருந்தால் அதையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். ஃபோகஸில் கூர்மையாக இருக்கும் பகுதி ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. கண் தெளிவாக இருந்தால் கால் மங்கல். ஃப்ளாஷ் இல்லாமல் கதை நடக்காது. சில கன்வெர்ட்டர்களின் முன்கண்ணாடி துருத்திக்கொண்டிருக்கும். மேக்ரோ லென்ஸில் இடிக்கும். அங்கே நடுவில் ஒரு சின்னக் குழாயைப் போட்டுச் சமாதானம் செய்துவைக்க வேண்டும்.

இத்தனை தொந்தரவு எதற்கு? கொல்லாமல் இருப்பதற்குத்தான். இந்த லென்ஸ் கொடுக்கிற அந்த நாலு விரற்கடை இடைவெளிக்குள் எறும்பு அதுபாட்டுக்குத் தன் இரையை இழுத்துக்கொண்டு போகிறது. ஒட்ட வேண்டாம், மெழுகு வேண்டாம், விஷம் வேண்டாம். பார்லோ 1862-ல் காலமானார். அவர் பெரிதாக்க நினைத்தது நட்சத்திரத்தை. பிழைத்துக்கொண்டது எறும்பு.

ஒரே ஒரு நஷ்டம். இப்போது யாரும் அதற்கு பிராந்தி கொடுப்பதில்லை.