மில்லுல என்னத்தை அரைக்கிறாங்க?

எங்கூர்ல சும்மா 'மில்லு'ன்னா அது நூல் மில்லுதான். மத்ததுக்கெல்லாம் அடைமொழி வேணும்: மாவு மில்லு, ரைஸ் மில்லு, எண்ணெய் மில்லு. ஆனா அந்த வார்த்தையோட பூர்வீகத்தைத் தேடிப் போனா கதை அப்படியே தலைகீழ்.

லத்தீன்ல 'மோலா'ன்னா திருகைக்கல். 'மோலெரே'ன்னா அரைக்கிறது. அந்த வேர்ல இருந்து கிளம்பி, பழைய ஆங்கிலத்துக்குள்ள நுழைஞ்சு 'மில்' ஆச்சு. பல் டாக்டர் நம்ம கடைவாய்ப்பல்லை 'மோலார்'ங்கிறாரே, அதுவும் இந்தக் குடும்பந்தான்.

சரி, அரைக்கிற இடத்துக்குப் பஞ்சு எப்படிங்க வந்துச்சு? காரணம் தண்ணி. இங்கிலாந்துல தானியம் அரைக்கிற ஆலைங்க தண்ணிச் சக்கரத்துல ஓடுச்சு. அதே சக்கரத்துல ஓடின மத்த வேலைகளுக்கும் 'மில்'ங்கிற பேரு ஒட்டிக்கிச்சு. 1771-ல க்ராம்ஃபோர்டுல ரிச்சர்ட் ஆர்க்ரைட் தண்ணியில ஓடுற நூற்பாலையை ஆரம்பிச்சப்ப, அதுவும் மில் ஆயிடுச்சு.

கோயமுத்தூருக்கு 1888-ல ராபர்ட் ஸ்டேன்ஸ் மில்லைக் கொண்டுவந்தார். ஆனா ஊரே மில்லா மாறினது 1930-கள்ல பைக்காரா கரண்ட் வந்த பின்னாடி. நீலகிரியில இறங்கற தண்ணி டர்பைனைச் சுத்த, டர்பைன் இங்க கதிரைச் சுத்துச்சு. யோசிச்சுப் பாருங்க, மறுபடியும் தண்ணிச் சக்கரம்!

இதே வேர்ல இன்னொரு வார்த்தை 'எமோல்யுமென்ட்'. என் ஆஃபர் லெட்டர்ல சம்பளத்துக்குப் போட்டிருந்த வார்த்தை. மாவு அரைச்சுக் கொடுத்தவருக்குக் கிடைச்ச அரவைக் கூலிதான் ஆதி அர்த்தம்ங்கிறாங்க. எனக்கு அது மாசம் பொறந்தா தானா அக்கவுன்ட்ல வந்து விழுது. மில்லுக்காரங்களுக்குக் கூலியும் மரியாதையும் அப்படி வரல. சங்கம் கட்டித்தான் வாங்க வேண்டியிருந்துச்சு. சின்னியம்பாளையத்துல ரங்கவிலாஸ் மில் பெண் தொழிலாளிகளுக்குத் தொல்லை கொடுத்த ஒருத்தன் கொலையான வழக்குல, சங்கத்துக்காரங்க நாலு பேரை 1946 ஜனவரி 8-ல கோவை ஜெயில்ல தூக்குல போட்டாங்க. ராமையன், வெங்கடாசலம், ரங்கண்ணன், சின்னையன். அகராதியில வார்த்தையோட வேர் இருக்கும்; அதுக்கு இந்த ஊர் கொடுத்த விலை இருக்காது.

இப்போ பல பழைய மில்லுங்க மூடியாச்சு. பேரு மட்டும் பஸ் ஸ்டாப்பாவும் ரோடாவும் நிக்குது. இன்னொரு பக்கம், இதே கோயமுத்தூர் வெட் கிரைண்டர் செஞ்சு, அதுக்குப் புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. கல்லு, மாவு, அரவைன்னு வார்த்தை பொறந்த வீட்டுக்கே திரும்பி வந்துடுச்சுங்க.

உங்கூர்ல வெறும் 'மில்லு'ன்னா எதைச் சொல்லுவாங்க?