மூப்பும் மூவாமையும்: தொண்ணூறுகளின் பிற்பகுதித் தமிழ்த் திரைப்படங்கள்

முன்னுரை

நூலொன்று தோன்றிப் பல்லாண்டு கழிந்தபின் அதன் தகுதியை ஆராய்தல் தமிழ்ப் புலவர்க்குப் பழகிய பணி. திரைப்படத்தை அவ்வாறு ஆராயும் வழக்கம் நம்மிடை இன்னும் வேரூன்றவில்லை. படம் வெளிவந்த சில கிழமைகளிலேயே அதன் வெற்றியும் தோல்வியும் முடிந்துவிட்டன என எண்ணுகிறோம். உண்மை அவ்வாறன்று. 1996 முதல் 1999 வரையிலான நான்காண்டில் மக்கள் திரள் திரளாகக் கண்ட படங்கள் பல, கால் நூற்றாண்டு கடந்த பின்னும் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்பெறுகின்றன. சில, புதுப்பிக்கப்பெற்று அரங்குகட்கே திரும்பியுள்ளன. 'இந்தியன்' 2024இலும் 'படையப்பா' 2025இலும் மறுமுறை திரையிடப்பட்டன. அன்று பிறவாதிருந்தோர் இன்று அவற்றைக் காண்கின்றனர். ஆதலின், இப்படங்கள் எவ்விடத்து மூத்தன, எவ்விடத்து மூவாதுள்ளன என வினவுதற்குரிய காலம் வந்துவிட்டது.

இவ்வாராய்ச்சியில் எமக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதல் முறை. இப்படங்கள் வெளிவந்த காலத்து யாம் பள்ளியின் மேல்வகுப்பிலும் பின்னர்க் கல்லூரியிலும் பயின்று வந்தோம். ஈண்டுக் குறை கூறவிருக்கும் காட்சிகட்குக் கைதட்டியவருள் யாமும் ஒருவேம். ஆகவே, பிறர் சுவையை அளக்கும் நடுவராக நின்று இதனை எழுதவில்லை. எம் இளமைச் சுவைக்கு யாமே கணக்குப் பார்க்கின்றோம்.

அளவுகோல்

அகப்பாடலுக்குத் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றையும் இவ்வாராய்ச்சிக்கு அளவுகோலாகக் கொள்கின்றோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றைச் சார்ந்த உணவு, தொழில், பறை, யாழ் போல்வன கருப்பொருள். மாந்தர் நெஞ்சின் ஒழுக்கம் உரிப்பொருள். முதலும் கருவும் திணைவிட்டுத் திணை சென்று கலத்தலை ஒப்பும் ஆசிரியர், உரிக்கு அந்நெகிழ்ச்சி தரவில்லை. பாட்டின் உயிர்நிலை எது என்பது இதனால் விளங்கும். இக்கொள்கையைக் காலத்தின்மேல் ஏற்றிப் பார்க்கின், யாம் நிறுவக் கருதும் முடிபு புலப்படும். கருப்பொருள் பழமையுறுவதால் ஒரு படம் கெடுவதில்லை. உரிப்பொருளில் பிழை செய்த படமே மூப்பெய்துகின்றது.

கருப்பொருளின் பழமை

அகத்தியன் இயக்கிய 'காதல் கோட்டை' 1996இல் வெளிவந்தது. அவ்வாண்டிற்கான தேசிய விருதுகளுள் சிறந்த தமிழ்ப்படம், சிறந்த இயக்கம், சிறந்த திரைக்கதை ஆகிய மூன்றும் இதற்குக் கிடைத்தன. தொலைந்த கல்விச் சான்றிதழ்களைக் கண்டெடுத்த ஒருவன், உரிய பெண்ணுக்கு அஞ்சலில் அனுப்புகிறான். அவள் நன்றி தெரிவித்து எழுதுகிறாள். கடிதம் வளர்கிறது, ஒருவரையொருவர் காணாமலே காதல் வளர்கிறது. பின்னர் ஒரே நகரில், ஒரே ஆட்டோவில் செல்லும்போதும் இருவரும் ஒருவரையொருவர் அறிந்திலர். ஈற்றில் புகைவண்டி நிலையத்தில், அவள் தன் கையால் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையே அவனை அவளுக்கு அறிவிக்கின்றது.

இக்கதையின் கருப்பொருள் முழுதும் இன்று வழக்கொழிந்தது எனலாம். இந்தியாவில் கைபேசிப் பணி 1995இலேயே தொடங்கிற்றாயினும், படம் வெளிவந்த காலத்து அது செல்வர் கைப்பொருள். பின்னர் அதுவே எல்லார்க்கும் உரியதாயிற்று. தந்திப்பணி 2013இல் நிறுத்தப்பெற்றது. காதலர் கைப்பட எழுதும் கடிதமும் அருகிவிட்டது. எம் முதுகலை மாணவர்க்கு இப்படத்தைக் காட்டியபோது, "இன்றாயின் இக்கதை ஐந்து நொடியில் முடிந்துவிடும்" என்றார் ஒரு மாணவர், வகுப்பு நகைத்தது. ஆயினும் புகைவண்டி நிலையக் காட்சி வந்தபோது நகைத்தவர் எவரும் இலர்.

காரணம் யாது? காணாது கொண்ட அன்பு நமக்குப் புதிதன்று. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டனர். சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் தேடி வந்தார். உணர்ச்சி ஒத்தலே நட்பாம் என்னும் குறட்கருத்துக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டினார். அகத்தியன் படத்தின் உரிப்பொருள் இம்மரபினது. கடிதம் மறைந்தது; கடிதம் தாங்கிய காத்திருப்பு மறையவில்லை. மேலும், இருவரும் தத்தம் விருப்பத்தால் எழுதினர். எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. இது சிறுசெய்தி போலத் தோன்றும். இதன் பெருமை பின்னர் விளங்கும்.

திரைநுட்பத்தின் பழமையும் கருப்பொருட் பழமையோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது. 1998இல் வந்த சங்கரின் 'ஜீன்ஸ்' அன்று கணினி வரைகலைக்காகப் பெரிதும் பேசப்பட்டது. ஓர் உருவை இரண்டாக்கிக் காட்டும் அதன் திறம் இன்று எவரையும் வியப்பிலாழ்த்துவதில்லை. உலகின் வியப்பிடங்கட்கே சென்று எடுத்த பாடற்காட்சியோ இன்றும் கண்ணை நிறுத்துகிறது. இடம் மெய், கருவி காலத்தது. இதற்குமேல் இதில் ஆராய வேண்டுவது இல்லை.

உரிப்பொருளின் பிழை

இனி, உண்மையான மூப்பு எங்கே நிகழ்ந்தது என்பதைக் காண்போம்.

பாலாவின் முதற்படமாகிய 'சேது' 1999 திசம்பரில் வெளிவந்தது. தொடக்கத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, கண்டார் வாய்ச்சொல்லால் பரவி, அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படம் என்னும் தேசிய விருதையும் அது பெற்றது. இதில் நாயகன், தன்னை விரும்பாத பெண்ணைப் பின்தொடர்கிறான், ஈற்றில் வலிந்து கடத்திச் சென்று தன் காதலை உரைக்கிறான், அவள் அஞ்சுகிறாள், பின்னர் அவனை விரும்பத் தொடங்குகிறாள். அச்சம் காதலாக மாறிய இடத்தில் அன்று அரங்கு ஆரவாரித்தது. இன்று அதே இடத்தில் வகுப்பு அமைதியாகின்றது. அவ்வமைதி எம்மை நாணச் செய்தது.

தொல்காப்பியர் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார். காமம் மிகுந்து வலிமையால் செய்வன பெருந்திணையுள் எண்ணப்பட்டன, மடலேறுதலும் அவ்வகைத்தே. மடலேறுவோன்கூடப் பனங்கருக்கால் தன் உடலையே புண்படுத்திக் கொள்கிறான். தலைவியின் உடலைத் தொட்டு இழுத்தான் அல்லன். அதனையே ஐந்திணையிற் சேர்க்க நம் ஆசிரியர் உடம்பட்டிலர். 'சேது'வின் முற்பாதி அம்மடலினும் கடுமையான ஒன்றை ஐந்திணையாகக் காட்டுகின்றது. உரிப்பொருட் பிழை என யாம் கூறுவது இதனையே.

கே. எஸ். இரவிகுமார் இயக்கிய 'படையப்பா' 1999 ஏப்பிரலில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அயல்நாட்டில் கற்றுத் திரும்பிய நீலாம்பரி, தான் விரும்பியதை வெளிப்படக் கூறுகிறாள். பெண்ணுக்குரிய குணம் இன்னது என நாயகன் அவளுக்கு அறிவுரை கூறுகிறான். அவ்வுரைக்குக் கிடைத்த கரவொலியை யாம் மறந்தோம் அல்லேம். கால் நூற்றாண்டு கழிந்தபின் நேர்ந்தது யாது? அறிவுரை மூத்துவிட்டது, அறிவுரை கேட்டவள் மூக்கவில்லை. பதினெட்டாண்டு அறையுள் அடைந்து கிடந்து, ஈற்றில் மன்னிப்பை ஏலாது தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் நீலாம்பரியையே இன்றையோர் முதலில் நினைவுகூர்கின்றனர். இப்பாத்திரம் கல்கியின் நந்தினியை மனத்திற்கொண்டு பிறந்தது என 2022இல் இரசினிகாந்து ஒரு மேடையில் கூறினார். கல்கி நந்தினியின் சினத்திற்குக் காரணமும் காட்டினார். அவளை இகழும் பொறுப்பை எவரிடமும் தரவில்லை. திரைப்படம் காரணத்தைச் சுருக்கி அறிவுரையைப் பெருக்கிற்று. ஆயினும் இரம்யா கிருட்டிணனின் நடிப்பு, படம் சொல்ல விரும்பியதைக் கடந்து சென்றது.

பாசிலின் 'காதலுக்கு மரியாதை' 1997இல் வெளிவந்தது. அவ்வாண்டே மலையாளத்தில் தாம் இயக்கிய 'அனியத்திப்பிராவு' என்னும் படத்தையே அவர் தமிழில் மீண்டும் எடுத்தார். இந்து இளைஞனும் கிறித்தவப் பெண்ணும் காதலித்து வீட்டை நீங்குகின்றனர். பெற்றோர் துயரை எண்ணி, மணம் செய்யாமலே தத்தம் இல்லம் திரும்புகின்றனர். ஈற்றில் இரு வீட்டாரும் மனம் இசைகின்றனர். அன்று இம்முடிவைத் தூயது எனப் போற்றினோம். இன்று காணின் ஒரு வினா எழுகின்றது. பெண்ணைத் தேடி வன்முறையோடு அலைந்த உடன்பிறந்தார் குற்றவுணர்வு கொள்ளவில்லை. தீங்கொன்றும் செய்யாத காதலரே குற்றவாளிகள் போலத் தலைகுனிகின்றனர். இது முறையா?

நம் அகநூல்கள் உடன்போக்கை அறமெனக் கொண்டன. மகளைத் தேடிச் செல்லும் செவிலிக்கு இடைச்சுரத்துக் கண்டோர், கடலுட் பிறந்த முத்தால் கடலுக்குப் பயன் இல்லை என்னும் கருத்துப்பட எடுத்துரைத்து, அவளைத் தேற்றித் திருப்பும் கலித்தொகைக் காட்சியைப் புலவர் அறிவர். அங்குத் திரும்பியவள் தாய். 1997இல் திரும்பியவர் காதலர். ஈராயிரம் ஆண்டை எட்டும் மரபு இளமையோடு நிற்க, நேற்றைய படம் அதனினும் மூத்துத் தோன்றுகின்றது. ஆண்டுக்கணக்கு மூப்பின் அளவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

சான்றாகும் பழமை

மூப்பு என்பது தேய்வு மட்டுமன்று. சில இடங்களில் அது சான்றாகவும் மாறுகின்றது. 'சேது'வின் பிற்பாதியில், அறிவு திரிந்த நாயகன் மனநோயாளரைச் சங்கிலியிற் பிணித்து வைக்கும் மடமொன்றில் சேர்க்கப்படுகிறான். 1999இல் பலர் இதனைத் திரைக்கென மிகைப்படுத்திய துயரமாகவே கருதினர். 2001 ஆகத்து 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் அத்தகைய காப்பிடமொன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியிற் பிணிப்புண்ட மனநோயாளர் தப்பியோட இயலாது இறந்தனர். மாண்டோர் தொகை 28. அதன்பின் உச்ச நீதிமன்றமே இப்பொருளில் தலையிட்டது. இன்று அப்படத்தைக் காண்போர்க்கு அச்சங்கிலி மிகையன்று, ஆவணம். ஒரே படத்தின் முற்பாதி மூத்தும் பிற்பாதி வலிமை பெற்றும் நிற்றல் கருதத்தக்கது. முன்னதில் இயக்குநர் துன்புறுத்துவோன் பக்கம் நின்றார். பின்னதில் துன்புறுவோன் பக்கம் நின்றார்.

விக்கிரமனின் 'சூர்யவம்சம்' 1997இல் வந்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் கணவன் பேருந்து முதலாளியாக உயர்வதும், மனைவி மாவட்ட ஆட்சியராவதும் இன்று நகைப்புக்கு இடமாயின. ஆயினும் அந்நகைப்பில் வெறுப்பில்லை. மணத்திற்குப்பின் மனைவியின் கல்வி தொடரலாம், கணவனினும் அவள் கற்றவளாக இருக்கலாம் என்பதை நாயகனின் பெருந்தன்மை குன்றாமல் அப்படம் ஏற்றது. கதைவிரைவு மூத்தது, கருத்து நின்றது.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

"அக்காலத்து மதிப்புகள் வேறு, இன்றைய அளவுகோலால் அன்றைய படத்தை அளத்தல் முறையன்று" என்பார் உளர். வரலாற்றறிஞர் கூறும் நெறி இதுவே. பொதுவகையில் யாமும் உடன்படுவோம். ஆனால் இம்மறுப்பு, அக்காலத்தார் அனைவரும் ஒருமனத்தராய் இருந்தனர் எனக் கருதுகின்றது. வரலாறு அவ்வாறு காட்டவில்லை. 1998இல் சென்னையில் மாணவியொருவர் ஆடவர் சிலர் செய்த தொல்லையால் உயிரிழந்தார். தமிழ்நாடு அரசு அவ்வாண்டே பெண்களைப் பொதுவிடங்களில் துன்புறுத்துவதைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றிற்று. பெண்ணைப் பின்தொடர்தலைத் தனிக்குற்றமாக்கும் பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013இல் சேர்க்கப்பட்டது. 'படையப்பா'வும் 'சேது'வும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வந்தவை. எனவே, பிழை அன்று அறியப்படாததன்று. பெண்கள் அறிந்திருந்தனர், சட்டமன்றம் அறிந்தது. அரங்கிலிருந்த ஆடவரே அறியாதார் போன்றிருந்தோம். "காலம் அவ்வாறு" என்னும் சொல், காலத்தின் ஒரு பகுதியினரை மட்டுமே காலம் எனக் கொள்வதாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். கடிதமும் வரைகலையும் பழமையுறுதல் படத்திற்குக் கேடன்று. பிறர் உள்ளத்தின் இசைவை மதியாது அரங்கின் கைதட்டலை நாடிய இடங்களே விரைந்து மூத்தன. துன்புறுவார் பக்கம் நின்ற காட்சிகள் ஆண்டு ஏற ஏற வலுப்பெற்றன.

ஆயின் மூத்த படங்களை என் செய்வது? ஒதுக்கிவிடுதல் ஆராய்ச்சியாகாது, போற்றிப் பொதிந்து வைத்தலும் ஆகாது. பழைய நூல்களை நம் முன்னோர் உரையோடு கற்பித்தனர். இன்று வழங்காதவற்றை விளக்கினர். தமக்கு உடன்பாடில்லாத இடத்து அவ்வுண்மையையும் எழுதினர். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் திரைப்படங்களையும் அவ்வாறே உரையோடு கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளன. அவ்வுரையை எழுதுவோர், அன்று அரங்கில் தாம் எவ்விடத்துக் கைதட்டினர் என்பதையும் மறையாது குறித்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத உரை, படத்தின் பிழையைக் கூறுமேயன்றி, அப்பிழை வென்ற காரணத்தைக் கூறாது.