தொகுப்பு வீடு பிறந்த கதை

வத்தலக்குண்டிலிருந்து விருவீடு பக்கம் பஸ்ஸில் போனால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரே அளவில் வரிசையாக நிற்கும் சின்னத் தளவீடுகள் கண்ணில் படும். தொகுப்பு வீடு என்போம். இன்று ஒருவர் தன் சொந்த இடத்தில் தனியாகக் கட்டினாலும், அரசுப் பணம் கலந்திருந்தால் அதற்கும் அதே பெயர்தான். பத்து இருபது வீடுகளைச் சேர்த்துத் தொகுப்பாகக் கட்டிய காலத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு முன்னால் மனை பிறக்க வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விவசாயக் கூலிகள் பலருக்குக் குடிசை இருந்த தரைகூடச் சொந்தமில்லாத காலம் அது. குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-ல் வந்தது. ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டித் தர 1974-ல் தாட்கோ என்ற அரசு நிறுவனம் தொடங்கியது. என் பார்வையில் தொகுப்பு வீட்டின் அஸ்திவாரம் இந்த இரண்டும்தான். பிறகு வந்த திட்டங்கள் எல்லாம் மேலே எழும்பிய சுவர்.

டெல்லிப் பணம் 1985-ல் இந்திரா குடியிருப்புத் திட்டமாக வந்தது. முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கு மட்டும். 2010-ல் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடாக்குவதாகக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தொடங்கியது. 2011-ல் ஆட்சி மாறியது. சூரிய மின்சக்தியுடன் 300 சதுர அடிப் பசுமை வீடு வந்தது. 2016-ல் பிரதமர் பெயரில் ஒன்று, 2024-ல் மூன்றரை லட்சம் ரூபாயில் 360 சதுர அடிக்குக் கலைஞரின் கனவு இல்லம்.

பணம் யார் கை வழியாக ஊருக்கு வருகிறது என்பது எங்கும் அரசியல்தான். இங்கே பிரதமர் திட்டத்தின் அடிப்படை மானியமான 1,20,000 ரூபாயில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40. கான்கிரீட் தளத்துக்கென்று மாநிலம் தனியாகவும் போடுகிறது.

யாருக்கு வீடு என்பதில் மட்டும் ஊருக்கு ஒரு வாய் உண்டு. 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள். பயனாளிகள் பட்டியலை அங்கே வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். மரத்தடியில் ஓர் அம்மா எழுந்து, "மாடி வீட்டுக்காரருக்கு ஆர்டர், கீத்துக்குள்ள ஒழுகுற எனக்கு இல்லையா?" என்று கேட்கலாம். கேட்டதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லலாம். நான் மதிக்கும் வாக்கெடுப்பு அதுதான். கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அது எளிதல்ல என்பதும் தெரியும். வத்தலக்குண்டு ஊருக்குள் இருப்பவர்களுக்கோ அந்தச் சபையே கிடையாது. பேரூராட்சி என்பதால் நகர்ப்புறத் திட்டம், அரசு வாரியம் ஒன்றின் வழியாகப் பணம். எல்லைக்கல் தாண்டினால் தொகையும் வேறு, கேட்க வேண்டிய இடமும் வேறு.

ஆர்டர் வந்த பிறகும் பணம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம் எழும்பினால் ஒரு பில், லிண்டல் மட்டத்துக்கு ஒன்று, தளம் போட்டதும் ஒன்று. ஓவர்சியர் வந்து போட்டோ எடுக்கும்வரை கொத்தனார் சம்பளத்துக்கு நகை அடகுக்குப் போகும். பட்டா இல்லாவிட்டால் இதில் எதுவும் தொடங்காது. தரை யாருடையது என்று 1971-ல் கேட்ட அதே கேள்வி, புறம்போக்கில் குடியிருப்பவர் முன் இன்றும் நிற்கிறது.

தளம் போட்ட மறுநாள் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். அந்த நாட்களில் குடும்பம் பக்கத்திலேயே, பிரித்த பழைய கீத்தைச் சாய்த்துக் கட்டிய கொட்டகையில் படுத்திருக்கும். விடிந்ததும் வீட்டுப் பெண்கள் குடத்தோடு ஏணி ஏறுவார்கள்.