பதினோரு குரூப்பும் ஒரு கர்ணமும்

உத்தனப்பள்ளியில கம்பெனி பஸ் ஏறும்போதே என் போன்ல பதினோரு வாட்ஸ்அப் குரூப் முழிச்சுக்கும். ஓசூர் வர்றதுக்குள்ள நூறு மெசேஜ். போன மாசம் ஒரு பாகத்தோட அளவு மாறின தகவல் அதுக்குள்ள புதைஞ்சு, ஒரு ஷிப்ட் சரக்கே ரிஜெக்ட். திட்டு படிக்காத எனக்குத்தான்.

இந்தத் தலைவலி இந்தப் பக்கத்துக்குப் புதுசில்லை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகாலை, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தை, திப்பு சுல்தான் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். (சிப்காட் கம்பெனி இல்லீங்க, கிழக்கிந்தியக் கம்பெனி.) நம்ம ஓசூர் கைமாறியது 1799-ல், திப்பு இறந்த பிறகு.

பாராமகாலுக்கு வந்த அதிகாரி கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய மூன்று உதவியாளர்களில் ஒருவர்தான் தாமஸ் மன்றோ. சென்னையில தீவுத்திடல் பக்கம் குதிரைமேல உட்கார்ந்திருக்காரே, அவரே. வரி வசூலை இடைத்தரகருக்குக் குத்தகை விட்டிருந்தா காகிதம் கொஞ்சம்தான். இவங்க வயல் வயலாக அளந்து, விவசாயி ஒவ்வொருவரிடமும் நேரடியாக வரி பேசும் வழிக்குப் போனார்கள். அதுதான் ரயத்துவாரி. காகிதம் மலையாகக் குவிந்தது. 1907 முதல் சென்னை அரசு அதையெல்லாம் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்று பகுதி பகுதியாக அச்சிட்டது.

அத்தனையையும் யார் படிப்பது? ரயத்துவாரி மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியபோது, ரெண்டு பழைய ஏற்பாடுகளை இறுக்கிக் கட்டினார்கள். ஒண்ணு, கட்டம் போட்ட கணக்கு: எந்த நிலம், என்ன பயிர்னு சொல்ற அடங்கல் மாதிரி. இன்னொண்ணு ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒருமுறை கிராமக் கணக்கெல்லாம் மேசைக்கு வரும், சரிபார்த்து மூடுவாங்க. எனக்கு இந்த ‘மூடுறது’ ரொம்பப் பிடிச்சிருக்கு. நம்ம குரூப்ல எதுவுமே மூடுறதில்லையே.

ஆனா பாரம் குறையலை, கீழே இறங்கிச்சு, அவ்வளவுதான். கலெக்டருக்குச் சுருக்கம் போனது. மொத்தமும் கர்ணம் தலையில். அதுவே அவருக்கு அதிகாரமும் ஆனது. ஊரில் பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாதபோது, அவர் எழுதினதுதான் கணக்கு. பரம்பரைப் பதவி வேற. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஒழித்த பிறகுதான் வி.ஏ.ஓ. வந்தார்.

எங்க லைன்லயும் மேனேஜர் பார்க்கிறது பச்சை, சிவப்பு காட்டுற ஒரே ஸ்க்ரீன். அதை நிரப்புறது பதினோரு குரூப்பையும் படிக்கிற ஆள். நான் கர்ணம், ஆனா அதிகாரம் இல்லாத கர்ணம்.

போன வாரம் லைன் லீடர் அண்ணன்கிட்ட கேட்டேன்: அளவு மாறினா குரூப்ல போடாதீங்க, மெஷின் பக்கத்துல ஒரு போர்டுல எழுதுங்க, ஷிப்ட் முடியும்போது ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்து போட்டு அழிச்சிடலாம்னு. போர்டு வந்துடுச்சு. மார்க்கர் இன்னும் வரலை.