வெரைட்டி ஹால்: ஒரு ரயில்வே ஊழியர் எழுப்பிய படக்கொட்டகை

கோயமுத்தூரில் நகர மண்டபத்தை அடுத்து ‘வெரைட்டி ஹால் ரோடு’ என்றொரு தெரு உண்டு. அத்தெருவுக்குப் பெயர் அளித்த கொட்டகை இன்று அங்கில்லை. அதனைக் கட்டியவர் நம்மைப் போலவே ரயில்வேயில் மாதச் சம்பளம் பெற்று வாழ்ந்த ஒருவர். ஆகையால், அதன் வரலாறு நம் காலனிக் குடும்பங்கள் அறிந்திருக்கத் தக்கதென்று கருதி எழுதுகின்றேன்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ஆம் ஆண்டு கோயமுத்தூரில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் தீட்டும் பணியில் அமர்ந்தார். சம்பளம் மாதம் ரூ. 25. (அவர் பொன்மலையில் வேலை பார்த்ததாக எழுதுவோர் உளர். பொன்மலைத் தொழிற்சாலை ஏற்பட்டது அதற்கு இருபதாண்டுகளுக்குப் பின்னர் என்பதை ரயில்வே அன்பர்கள் அறிவர்.) 1905-இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் சில படச்சுருள்களுடனும் படங்காட்டும் கருவியுடனும் திருச்சிக்கு வந்தார். ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம் அவற்றுள் ஒன்று. வந்த இடத்தில் உடல்நலம் குன்றவே, அவர் தாய்நாடு திரும்ப விரும்பிக் கருவியை விற்க முன்வந்தார். வின்சென்ட் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அதனை வாங்கினார், வேலையையும் துறந்தார்.

இத்தொகையைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். எண்பது மாதச் சம்பளத்திற்கும் அதிகம்! ஏறக்குறைய ஏழாண்டு உழைப்பின் ஊதியத்தை, ஊரார் பெரும்பாலோர் கண்ணாலும் கண்டிராத ஒரு தொழிலில் இட்டார் அவர். சேமநிதியிலிருந்து சிறு கடன் பெறுவதற்கே பன்முறை யோசிக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும் துணிவன்று.

பின்னர்ப் பல ஆண்டுகள் கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். தென்னாட்டில் தொடங்கிய பயணம் வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மா, மலாயா வரையிலும் நீண்டது. 1909-இல் சென்னை எஸ்பிளனேடில் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். இருப்புப்பாதை சென்ற இடமெல்லாம் அவருடைய கூடாரமும் செல்ல முடிந்தது. வேலையை விட்ட பின்னும் ரயில் அவரை விடவில்லை என்றே சொல்லலாம்.

அலைந்து சலித்த பின் சொந்த ஊரில் நிலையான கொட்டகை ஒன்றை 1914-இல் அமைத்தார். அதுவே வெரைட்டி ஹால். தென்னாட்டின் முதற் படக்கொட்டகை இதுவே என்று பெருமையாகக் கூறுவோர் உண்டு. அது முற்றும் சரியன்று. சென்னையில் வார்விக் மேஜர் என்பார் 1913-இலேயே எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கிவிட்டார். எனினும், சென்னை மாநகரம். அன்றைய கோயமுத்தூரோ ஐம்பதாயிரம் மக்கள்கூட இல்லாத சிற்றூர். அத்தகைய ஊரில் நாள்தோறும் காட்சி நடத்தலாம் என்று நம்பியதே பெரிது.

வெரைட்டி ஹால் என்னும் பெயருக்கேற்ப அக்காலக் கொட்டகைகளில் படம் மட்டும் நடைபெறவில்லை. சுருள் மாற்றும் இடைவேளைகளில் நடனமும் குஸ்தியும்கூட நிகழ்வதுண்டு. படம் ஊமை, ஆகவே திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்க விளக்குவார், ஆர்மோனியமும் தபேலாவும் உடன் ஒலிக்கும். எழுத்தறியாதார்க்கு அவ்விளக்குநரே ஆசான்.

பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் பெறப்பட்டது 1932-இல்தான். அதற்கு முன்னர்க் கொட்டகைக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. வின்சென்ட் அம்மின்சாரத்தைப் படத்தோடு நிறுத்திவிடவில்லை. அரிசி ஆலையையும் அச்சகத்தையும்கூட மின்சாரத்தால் ஓட்டினார். கோவையில் பலர் மின்விளக்கை முதன்முதலாகக் கண்டது படக்கொட்டகை வாயிலில்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

மற்றொன்றும் ஈண்டுக் கூறவேண்டும். தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே நிகழ்ச்சியைக் கண்ட முதல் அரங்கு திரைப்பட அரங்கே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியுள்ளார். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற வேற்றுமை இருந்தது. ஆனால் அது காசினால் வந்த வேற்றுமை. காலணாவும் அரையணாவும் சேர்த்து வந்தவனை, எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று டிக்கெட்டுச் சாளரத்தில் கேட்கவில்லை. கோயில் நுழைவுச் சட்டம் வந்த 1939-க்குக் கால் நூற்றாண்டு முன்னர்த் தொடங்கிய கொட்டகை இது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்ததும் பேசும் படக் காலம் பிறந்தது. விளக்குநருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் வேலை போயிற்று. வின்சென்ட் கல்கத்தா பயோனியர் நிறுவனத்தோடு கூடி, டி. பி. ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ படத்தை 1933-இல் வெளியிட்டு வெற்றி கண்டார். அந்நாளில் தென்னாட்டில் ஒலிப்பதிவு நிலையம் கிடையாது. தமிழ்ப் படம் எடுக்க வடக்கே கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறினர். கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ தோன்றியபோது அதிலும் வின்சென்ட் பங்கு கொண்டார். 1942-இல் மறைந்தார்.

பின்னாளில் வெரைட்டி ஹால் ‘டிலைட்’ என்று பெயர் மாறிற்று. பல்லாண்டுகள் புதுப்படங்கள் ஓடின. முதுமைக் காலத்தில் அது எம்.ஜி.ஆர்., சிவாஜி நடித்த பழைய படங்களைத் திரையிட்டு, இளமையில் அவற்றைப் பார்த்த முதியோர் கூடும் இடமாயிற்று. புதிய கொட்டகைகளின் கட்டணம் கொடுக்க இயலாதார்க்கு வேறு போக்கிடம் ஏது?

எங்கள் பார்சல் பிரிவுக்கும் இக்கதையில் தொடர்புண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்வரை படப்பெட்டிகள் தகரப் பெட்டியாகவே ரயிலில் வந்து இறங்கும். ஞாயிறு காலைத் தமிழ்க் காட்சிக்காக நம் குடும்பங்கள் காத்திருக்க, வண்டி தாமதமானால் எங்களையே எல்லாரும் கேட்பார்கள். எண்முறைப் படம் வந்தபின் பெட்டியும் இல்லை; கேட்பாரும் இல்லை.

டிலைட் கொட்டகை 2023-இல் இடிக்கப்பட்டது. தென்னாட்டில் எடுத்த ஊமைப்படங்களோ, ‘மார்த்தாண்ட வர்மா’ போன்ற ஒன்றிரண்டு நீங்கலாக, முன்னரே அழிந்தொழிந்தன. அப்படங்களும் இல்லை, காட்டிய இடமும் இல்லை என்ற நிலையில், அங்கே படம் பார்த்த முதியோரின் நினைவே மிச்சம். சென்னையின் எலெக்ட்ரிக் தியேட்டர் மட்டும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் தபால்தலை விற்கும் இடமாக மாறி உயிர் பிழைத்தது. கோவைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் கோவை அன்பர்கள், வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரிடம் டிலைட்டில் என்ன பார்த்தீர்கள், டிக்கெட்டு எவ்வளவு, யாருடன் சென்றீர்கள் என்று கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி வருவார்களானால் அடுத்த ஆண்டு மலரில் அவற்றை வெளியிடலாம்.