கண் அறுவையில் மீயொலி வழி மரப்பூசி

மீயொலி வழி மரப்பூசி என்பது, கண் அறுவைக்கு முன் விழிக்குழியில் மரப்பு மருந்து செலுத்தும்போது ஊசி போகும் பாதையை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே போடும் முறை. மருத்துவர்கள் இந்த ஊசியை ‘பிளாக்’ என்பார்கள். சென்னையிலும் சரி, பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனிலும் சரி, தமிழ் பேசும் நோயாளிக்கு இது ‘கண்ணுக்குப் போடுற மரத்துப்போற ஊசி’தான். விழிக்கோளம், பார்வை நரம்பு, தசைகள், இரத்தக் குழாய்கள் எல்லாம் ஒரு சிறு குழிக்குள் நெருங்கிக் கிடப்பதால் சில மில்லிமீட்டர் பிசகும் பார்வையைப் பறிக்கக்கூடும்.

வரலாறு

வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கோலர், கோகெய்ன் கரைசலைத் தன் கண்ணில் விட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். உறுத்தலே இல்லை. 1884 செப்டம்பர் 15 அன்று ஹைடல்பர்கில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டுக்குப் போய்வரக் கையில் காசில்லை. அவருடைய கட்டுரையை யோசெஃப் பிரெட்டவர் படித்தார். அதே ஆண்டில் நியூயார்க்கில் ஹெர்மன் நாப் மருந்தை விழிக்குப் பின்னால் ஊசியால் செலுத்தினார்.

1936இல் வால்டர் அட்கின்சன், நோயாளியை மேல்புறமும் உட்புறமுமாகப் பார்க்கச் சொல்லி ஊசி போடும் முறையை விவரித்தார். நெடுங்காலம் பாடநூல் முறையாக இருந்தது அதுவே. 1981இல் உன்சோல்ட் குழுவினர் சி.டி. படங்களை வைத்து, அந்தப் பார்வைத் திசையே பார்வை நரம்பை ஊசியின் பாதைக்கு இழுத்துவருகிறது என்று காட்டினர். அதன்பின் நோயாளி நேரே பார்ப்பதே முறையாயிற்று. 1986இல் டேவிஸும் மாண்டலும் விழியைச் சுற்றி மருந்து நிரப்பும் பெரிபல்பார் முறையை எழுதினர். 1992இல் ஸ்டீவன்ஸ், மழுங்கிய குழலால், விழிக்கோளத்தைப் போர்த்தியிருக்கும் டெனான் உறைக்கடியில் மருந்து விடும் வழியைப் பரப்பினார்.

மீயொலி கண் மருத்துவத்துக்குள் வந்தது 1956இல், முண்ட், ஹியூஸ் இருவரால்; அது எதிரொலியால் தூரத்தை அளக்கும் ஏ-ஸ்கேன். 1958இல் பாமும் கிரீன்வுட்டும் படமாகக் காட்டும் பி-ஸ்கேனைக் கொண்டுவந்தனர். 1995இல் பர்ச் குழுவினர் ஊசியை மீயொலியில் பார்த்தபோது, மருத்துவர்கள் நினைத்ததைவிட அது விழிக்கோளத்துக்கு அருகில் இருந்தது. பார்க்காமல் போடும் குருட்டு ஊசியின் அபாயம் அங்கே வெளிப்பட்டது.

செயல்முறை

மூடிய இமைமேல் ஜெல் தடவி, உயரதிர்வெண் புரோபை மென்மையாக வைப்பார்கள். திரையில் விழிக்கோளம் கறுத்த வட்டமாகவும், அதன் பின்னே பார்வை நரம்பு கருநிறப் பட்டையாகவும், ஊசி பளிச்சென்ற கோடாகவும் தெரியும். டெனான் உறைக்கடியில் பரவும் மருந்து நரம்பருகே ‘டி’ எழுத்து வடிவில் தேங்கும். வழக்கமான மருந்து லிக்னோகெய்னும் புபிவகெய்னும். பரவுவதற்கு ஹையலூரோனிடேஸ் சேர்ப்பதுண்டு.

கண்ணின் லென்ஸில் இரத்த ஓட்டம் இல்லை; சூடேறினால் எளிதில் தணியாது. ஆகவே ஒலியின் ஆற்றலைக் குறைவாகவே வைக்க வேண்டும். அதோடு, ஒலி அலையின் அழுத்தத்தால் வரும் பாதிப்பைக் குறிக்கும் இயந்திரக் குறியீடு (மெக்கானிக்கல் இன்டெக்ஸ்) கண்ணுக்கு 0.23க்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு. வயிற்று ஸ்கேனுக்கு 1.9 வரை அனுமதி உண்டு என்பதால், கருவியைக் கண்ணுக்கான அமைப்புக்கு மாற்றாமல் தொடங்குவது தவறு.

விழி நீளம்

விழியின் நீளம் பொதுவாக 23 முதல் 24 மி.மீ. கடுமையான கிட்டப்பார்வையில் இது 26ஐத் தாண்டும்; பின்சுவர் மெலிந்து பிதுங்கியும் இருக்கலாம். ஊசி துளைக்கும் அபாயம் அங்கேதான் மிகுதி. கண்புரை அறுவைக்கு வரும் எல்லோருக்கும் செயற்கை லென்ஸின் பவரைக் கணிக்க இந்த நீளத்தை அளந்தாக வேண்டும். முற்றிய புரையில் ஒளியால் அளக்கும் கருவி தோற்கும்; ஏ-ஸ்கேனே கைகொடுக்கும். லென்ஸுக்காகக் கேஸ் ஷீட்டில் எழுதிய அந்த எண், ஊசி போடுபவருக்கும் முதல் எச்சரிக்கை. படுக்கையருகே திரை இல்லாவிட்டாலும் மீயொலியின் பெரும்பயன் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

இந்தியாவில்

1819இல் தொடங்கிய சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையும், 1896இல் தோன்றிய பெங்களூரு மின்டோ மருத்துவமனையும் பழமையானவை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் தொடங்கியது. கண்ணுக்கே பயன்படுத்தினாலும், கருவின் பாலினம் காணத்தக்க ஸ்கேன் கருவிகள் 1994 சட்டப்படி பதிவுக்குரியவை. இன்று கண்புரையை மீயொலியால் உடைத்து எடுக்கும் பாகோ அறுவைகள் பலவும் சொட்டு மருந்திலேயே நடக்கின்றன. ஊசி தேவைப்படும் இடங்களிலும் மீயொலித் திரை இன்னும் அன்றாட வழக்கமாகவில்லை.